பேச்சு வரும்போது குழந்தை பார்க்கும் உலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கை மகளுக்கு ஒன்றேகால் வயதில் 'சூடு' என்ற சொல் வந்தது. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். எல்லோருக்கும் பெருமை. அடுத்த வாரம் அரிவாள்மனையைப் பார்த்து 'சூடு' என்றாள். ரோஜாச் செடியின் முள், தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, பூட்டிய பீரோ, எல்லாமே 'சூடு'. அவள் பாட்டி அடுப்பருகே எப்போதும் 'சூடு, தொடாதே' என்று சேர்த்தே சொல்வார் என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. குழந்தையின் கணக்கில் 'சூடு' என்றால் தொடக் கூடாதது. வீட்டிலுள்ள பொருள்களை அந்த ஒரு சொல்லால் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒருநாள் காபி டம்ளரில் விரலை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு, கண்ணை அகல விரித்து 'சூடு!' என்றாள். அதற்குப் பிறகு அரிவாள்மனையை அவள் 'சூடு' என்று சொல்லிக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித்தேடிப் படித்து வருகிறேன். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பிறந்த குழந்தைக்கு மொழியைப் பற்றி ஏதாவது தெரியுமா?

தெரியும். கருப்பையில் கடைசி மூன்று மாதங்களில் காது வேலை செய்கிறது. சொற்கள் தெளிவாகக் கேட்காது. பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும் கேட்கும். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் வேறு பெண்ணின் குரலைவிடத் தன் தாயின் குரலைக் கேட்பதற்காக ரப்பர் காம்பை வேறு விதமாகச் சப்பின என்று 1980-ல் அமெரிக்காவில் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். பாரிஸில் பிறந்த நான்கு நாள் குழந்தைகள் பிரெஞ்சையும் ரஷ்ய மொழியையும் பிரித்தறிந்தன என்பது ழாக் மெலர் குழுவின் 1988 ஆய்வு.

எல்லா மொழிகளின் ஒலிகளும் குழந்தைக்குப் பிடிபடுமா?

ஆரம்பத்தில் அநேகமாக எல்லாமே பிடிபடும். பிறகு குறைகிறது. இதை விளக்கும் மிகப் பழைய, மிக அழகான சோதனையில் நம் காதுக்குப் பழக்கமான ஒலிகளே வருகின்றன.

'பத்து', 'பட்டு' என்று சொல்லிப் பாருங்கள். த-வுக்கு நாக்கு நுனி பல்லைத் தொடுகிறது. ட-வுக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. நமக்கு இரண்டும் வேறு என்பதில் சந்தேகமே வராது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவரிடம் சொல்லிக் காட்டினால், 'ரெண்டும் ஒண்ணுதானே' என்பது போல் முழிப்பார்.

கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தியிலுள்ள இதே த, ட ஒலிகளை ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்க வைத்தார்கள். குழந்தை அம்மா மடியில் இருக்கும். ஒலிபெருக்கியில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும். ஒலி மாறியதும் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்துப் பெட்டிக்குள் விளக்கு எரிந்து ஒரு பொம்மை ஆடும். மாற்றத்தைக் கவனித்த குழந்தை பொம்மையைப் பார்க்கத் தலையைத் திருப்பும். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை சரியாகத் திரும்பின. 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் அப்படித் திரும்பியவை மிகச் சிலவே. அதே வயதில், இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகள் தடுமாறவில்லை. ஆய்வு வெளிவந்த ஆண்டு 1984.

காது மந்தமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. தன் வீட்டில் எந்த வேறுபாட்டுக்கு மதிப்பு உண்டு, எதற்கு இல்லை என்று குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. நமக்கும் இதே கதைதான். இந்தியில் மூச்சுக் காற்றோடு சொல்லும் க-வும் மூச்சில்லாத க-வும் வெவ்வேறு எழுத்துகள். தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்தவர் அவற்றைப் பிரிக்கத் திணறுவார். ஜப்பானியக் குழந்தைகளிடம் ர, ல வேறுபாடு முதல் பிறந்தநாளுக்குள்ளேயே மங்கத் தொடங்குகிறது.

பேச்சு வருவதற்கு முன்பே உலகம் வடிகட்டப்படுகிறது என்பதைத்தான் நான் இதில் முக்கியமாகப் பார்க்கிறேன். 'இன்னும் பேசவே இல்லையே, இதுகிட்ட என்ன பேசறது' என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

என் மகன் 'சக்கரை'யைத் 'தக்கரை' என்கிறான். அவனுக்கு ச கேட்கவில்லையா?

கேட்கிறது. நீங்களும் 'தக்கரை வேணுமா?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கோபம் வரும்: 'தக்கரை இல்ல, தக்கரை!' வாய் பழகுவது மெதுவாக; காது எப்போதும் முன்னாலேயே போகும். திருத்தித் திருத்திச் சொல்ல வைக்க வேண்டாம். நீங்கள் சரியாகச் சொல்லிக்கொண்டே இருங்கள், போதும்.

ஒரு பொருளுக்குப் பெயர் தெரிந்தால் குழந்தைக்கு என்ன மாறுகிறது?

பார்ப்பதைச் சேர்த்து வைக்கும் முறை மாறுகிறது. இது மூன்று மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது என்றால் நம்பக் கஷ்டம்தான். அமெரிக்காவில் சான்ட்ரா வாக்ஸ்மன், சூசன் ஹெஸ்போஸ், அலிசா ஃபெரி மூவரும் மூன்று, நான்கு மாதக் குழந்தைகளுக்கு வெவ்வேறு டைனோசர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒரு குழுவுக்குப் படத்தோடு மனிதப் பேச்சு, இன்னொரு குழுவுக்கு வெறும் இசையொலி. பேச்சைக் கேட்ட குழந்தைகள் அவற்றை ஒரே வகையாகச் சேர்த்துக்கொண்டன. இசையொலி கேட்ட குழந்தைகள் சேர்க்கவில்லை. அதே குழு பின்னர் லெமூர் என்ற விலங்கின் குரலை வைத்துச் சோதித்தது. மூன்று, நான்கு மாதத்தில் லெமூர் குரலும் பேச்சைப் போலவே உதவியது. ஆறு மாதத்தில் மனிதப் பேச்சு மட்டுமே உதவியது. எந்த ஒலிக்குப் பொருள் உண்டு என்பதைக்கூடக் குழந்தை வடிகட்டித்தான் தேர்ந்தெடுக்கிறது.

கொஞ்சம் பெரிய குழந்தைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பசுவின் படத்தைக் காட்டி, 'இதோட சேர்ற இன்னொண்ணை எடு' என்றால், பலரும் பாலை எடுப்பார்கள். பசு பால் தரும். இரண்டும் ஒரு கதையில் சேர்ந்தவை. அதே படத்துக்கு ஏதோ ஒரு புதுப் பெயர் வைத்து, 'இது ஒரு டாக்கு, இன்னொரு டாக்கு எங்க?' என்று கேட்டால் இன்னொரு விலங்கைத் தேடுவார்கள். எலன் மார்க்மனும் ஜீன் ஹட்சின்சனும் 1984-ல் இதைக் கண்டார்கள். பெயர் ஒன்று விழுந்ததும், 'எதோடு எது நடக்கிறது' என்ற பார்வை விலகி, 'எது எந்த இனம்' என்ற பார்வை வந்துவிடுகிறது. பொருள்கள் மாறவில்லை. ஒரு சொல்தான் புதிதாக வந்தது.

அப்படியானால் சொல் இல்லாததைக் குழந்தையால் பார்க்கவே முடியாதா?

முடியும். இணையத்தில் அதிகம் அடிபடும் தவறான கருத்து இது. பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற அமெரிக்கர், தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மொழியியல் எழுதியவர், நாம் இயற்கையை நம் தாய்மொழி வகுத்த கோடுகளின் வழியேதான் பிரிக்கிறோம் என்று 1940-ல் வாதிட்டார். அந்தக் கருத்தை இழுத்து இழுத்து, 'சொல் இல்லையென்றால் எண்ணமே இல்லை' என்று ஆக்கிவிட்டார்கள்.

கைக்குழந்தைகள் அதை மறுக்கின்றன. கொரிய மொழியில் 'க்கிதா' என்று ஒரு வினை உண்டு. ஒன்றோடொன்று இறுக்கமாகப் பொருந்துவது எல்லாம் 'க்கிதா': விரலில் மோதிரம், பேனாவில் மூடி. கிண்ணத்தில் ஆப்பிளைப் போடுவதற்கு வேறு சொல். ஆங்கிலத்தில் 'உள்ளே', 'மேலே' என்பதுதான் முக்கியம். இறுக்கமா தளர்வா என்று மொழி கேட்பதில்லை. சூன்ஜா சோயும் மெலிசா பவர்மனும் கவனித்தபோது, இரண்டு வயது நிறையும் முன்பே அந்தந்த மொழிக் குழந்தைகள் அந்தந்த மொழியின் கோட்டில் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் 2004-ல் ஹெஸ்போஸும் எலிசபெத் ஸ்பெல்கியும் ஆங்கில வீட்டு ஐந்து மாதக் குழந்தைகளைச் சோதித்தபோது, இறுக்கம், தளர்வு என்ற வேறுபாட்டை அவை கவனித்தன. சொல் அந்த வேறுபாட்டை உருவாக்கவில்லை. குழந்தை பிறக்கும்போதே நிறையக் கோடுகளோடு வருகிறது. அவற்றில் எதைத் தினமும் மிதித்து நடப்பது என்று மொழி சொல்கிறது. மிதிக்காத பாதையில் புல் முளைத்துவிடுகிறது.

தமிழுக்கும் இப்படி ஓர் ஆய்வு உண்டு. பாட்டிலை 'நிக்க வை', புத்தகத்தைப் 'படுக்க வை' என்கிறோம். டச்சு மொழியிலும் நிற்க வைப்பதற்கும் கிடத்துவதற்கும் தனித்தனி வினைகள் உண்டு. தினமும் பலமுறை காதில் விழுகின்றன. நம் வீடுகளில் பெரும்பாலும் வெறும் 'வை'தான். ஆனாலும் புவனா நரசிம்மனும் மரியான் குல்பெர்கும் ஒப்பிட்டபோது, டச்சுக் குழந்தைகள் நான்கு, ஐந்து வயதிலும் தடுமாறினார்கள். தமிழ்க் குழந்தைகள் 'நிக்க வை', 'படுக்க வை' இரண்டையும் இடமறிந்து சொன்னார்கள். காரணம் எளிது: நிற்பதும் படுப்பதும் குழந்தைக்குத் தன் உடம்பிலேயே தெரியும். சொல்லுக்குள்ளேயே அர்த்தம் வெளிப்படையாக இருக்கிறது.

நிறங்கள்?

நமீபியாவின் ஹிம்பா மக்களின் மொழியில் பச்சையின் பெரும்பகுதிக்கும் நீலத்துக்கும் சேர்த்து 'புரூ' என்று ஒரே சொல். டெபி ராபர்சன் குழு அங்குள்ள குழந்தைகளையும் இங்கிலாந்துக் குழந்தைகளையும் மூன்று வயதிலிருந்து தொடர்ந்து கவனித்தது. நிறப் பெயர்கள் தெரியாத கட்டத்தில் இரு நாட்டுக் குழந்தைகளும் நிறங்களை நினைவில் வைப்பதில் ஒரே மாதிரி தவறு செய்தார்கள். பெயர்கள் வர வர, தவறுகள் அவரவர் மொழிக்கேற்பப் பிரிந்தன. ஹிம்பாக்களால் நீலத்தைப் பார்க்கவே முடியாது என்று பரவும் கதையை நம்ப வேண்டாம். கண் ஒன்றுதான், ஞாபகம் எதைப் பிடித்துக்கொள்கிறது என்பதே மாறுகிறது.

உங்கள் குழந்தை மூன்று வயதில் பச்சையை 'மஞ்சள்' என்றால் பயப்படாதீர்கள். நிறச் சொற்கள் கடினமானவை. சட்டை பச்சை, இலை பச்சை. இந்த இரண்டுக்கும் பொதுவானது எது என்று பிரித்தெடுப்பது சின்ன வேலை இல்லை.

இடது, வலது எப்போது புரியும்?

ஆறு, ஏழு வயதுக்கு முன் நிலையாக வருவது அரிது. ஆனால் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: இடது, வலது இல்லாமலே ஒரு குழந்தை இடத்தைப் புரிந்துகொள்ள முடியாதா?

எங்கள் அப்பா ஊரில் சாப்பிட உட்காரும்போது, 'கொஞ்சம் தெக்கால தள்ளி உக்காரு' என்பார்கள். 'டம்ளர் ஒனக்கு வடக்கால இருக்கு பாரு' என்பார்கள். சென்னையில் வளர்ந்த எனக்குச் சின்ன வயதில் அது விளங்காது. என் வயதுப் பையன்கள் யோசிக்காமல் நகர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்குச் சோற்றுக்கை, பீச்சாங்கை நன்றாகத் தெரியும். ஆனால் கைக்கான சொல்லை வெளியே இருக்கும் பொருளுக்கு ஒட்டுவதில்லை.

1990களில் நெதர்லாந்தின் நெய்மேகனிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலிருந்து எரிக் பெடர்சன் தமிழ்நாட்டுக்கு வந்து இதைத்தான் ஆராய்ந்தார். மேசையில் பொம்மைகள் வரிசையாக இருக்கும். பார்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அப்படியே திரும்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த இன்னொரு மேசையில் அதே மாதிரி அடுக்க வேண்டும். முதலில் பொம்மைகள் வலக்கைப் பக்கம் பார்த்தன, அது வடக்கு என்று வையுங்கள். திரும்பிய பிறகும் வலக்கைப் பக்கமே பார்க்க வைத்தால், உங்கள் உடம்பை வைத்து நினைவில் கொண்டீர்கள். வடக்கே பார்க்க வைத்தால், திசையை வைத்து நினைவில் கொண்டீர்கள். பேச்சில் திசை சொல்லும் கிராமத்தவர் பலர் திசைப்படி அடுக்கினார்கள். இடது, வலது என்று பேசும் நகரத்தவர் உடம்புப்படி அடுக்கும் பக்கம் சாய்ந்தார்கள். இருவரும் பேசுவது தமிழ்தான். மொழியின் பெயரைவிட, தினமும் வாயில் புழங்குவது எது என்பதே கணக்கு.

உலகில் இது அபூர்வமும் அல்ல. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கூகு இமிதிர் மொழி பேசுபவர்களும் திசைகளால்தான் பேசுவார்கள். மெக்சிகோ மலைப்பகுதியில் செல்ட்டால் மொழிக் குழந்தைகள் 'மேட்டுப் பக்கம்', 'பள்ளத்துப் பக்கம்' என்பதை நான்கு வயதிலேயே கையாளுகிறார்கள். 2006-ல் வந்த ஓர் ஆய்வில் நான்கு வயது ஜெர்மன் குழந்தைகளும் மனிதக் குரங்குகளும் பொருள் இருக்கும் இடத்தைச் சுற்றுச்சூழலை வைத்தே நினைவில் கொண்டன. அதாவது, 'என் இடப்பக்கம்' என்பதுதான் பின்னால் கற்றுக்கொண்ட பழக்கமாகத் தெரிகிறது.

கிராமத்துப் பாட்டியிடம் விடுமுறைக்குப் போகும் குழந்தைக்கு அந்தத் 'தெக்கால, மேக்கால' பேச்சு பெரிய சொத்து. அதைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று குழந்தை முன் கேலி செய்யாதீர்கள்.

ஒன்று முதல் இருபது வரை ஒப்பிக்கிறாள். எண் தெரிந்துவிட்டதா?

ஒப்பிப்பது பாட்டு; எண் வேறு. வீட்டில் சோதித்துப் பாருங்கள். ஒரு தட்டில் புளியங்கொட்டைகளை வைத்து, 'மூணு குடு' என்று கேளுங்கள். மூன்று வயதுக் குழந்தை பத்துவரை சொல்லிவிட்டு ஒரு பிடி அள்ளித் தரலாம். 'ஒண்ணு குடு' என்றால் சரியாக ஒன்று தரும். கேரன் வின் 1990-ல் விவரித்தது இதுதான்: முதலில் 'ஒன்று' மட்டும் புரியும், சில மாதம் கழித்து 'இரண்டு', மேலும் சில மாதம் கழித்து 'மூன்று'. அதன் பிறகு ஒருநாள், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிடிபட்டுவிடும். பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயது ஆகும்.

எண்ணுப் பெயர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பிரேசிலின் அமேசான் காட்டில் முண்டுருகு மக்களின் மொழியில் ஐந்துக்கு மேல் எண்ணுப் பெயர் இல்லை. பியர் பிகா குழு 2004-ல் கண்டது: இரண்டு பெரிய குவியல்களில் எது அதிகம் என்று அவர்கள் நம்மைப் போலவே சொல்கிறார்கள், ஆனால் நாலைந்துக்கு மேல் போனால் துல்லியமான கணக்கு நழுவுகிறது. ஏறக்குறைய என்பது பிறவியில் வருகிறது. துல்லியத்துக்கு எண்ணும் சொற்கள் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

எண்ணுப் பெயர்களின் அமைப்புக்கும் பங்குண்டு. சீன மொழியில் 11 என்பது 'பத்து ஒன்று'. சீனக் குழந்தைகளும் அமெரிக்கக் குழந்தைகளும் பத்துவரை சமமாகவே கற்கிறார்கள். பதினொன்றைத் தாண்டும்போதுதான் அமெரிக்கக் குழந்தைகள் பின்தங்குகிறார்கள் என்று கெவின் மில்லர் குழு 1995-ல் காட்டியது. நம் பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு எல்லாம் சொல்லுக்குள்ளேயே பத்தைத் தாங்கி நிற்பவை. நம் சிக்கல் ஒன்பதில் இருக்கிறது: ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் அடுத்த படியின் பெயரைச் சுமக்கின்றன. எண்பத்தொன்பதுக்குப் பிறகு குழந்தை தயங்கி நின்றால் அது மந்தம் இல்லை. அங்கே பாதையே திரும்புகிறது.

தமிழ் மட்டும் குழந்தையைக் கவனிக்க வைப்பது ஏதாவது உண்டா?

'மட்டும்' என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் பேசும் குழந்தை ஒரு நாளில் நூறு தடவை கவனித்தாக வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

'நாம', 'நாங்க'. 'நாம கடைக்குப் போறோம்' என்றால் குழந்தை செருப்பைத் தேடி ஓடும். 'நாங்க கடைக்குப் போறோம்' என்றால் முகம் சுருங்கும். பேச்சைக் கேட்பவர் உள்ளேயா வெளியேயா என்பதை ஒவ்வொரு முறையும் நம் மொழி கேட்கிறது. ஆங்கிலம் அதைக் கேட்பதே இல்லை.

உறவுப் பெயர்கள். எங்கள் குட்டிக்கு நான் பெரியம்மா, என் தம்பி மாமா, அவள் அப்பாவின் தம்பி சித்தப்பா. பெற்றோரின் உடன்பிறந்தவர்களைச் சொல்லும்போது, ஒரே சொல்லில் அம்மா பக்கமா அப்பா பக்கமா என்றும், பெரியம்மா, சித்தப்பா என்னும்போது மூத்தவரா இளையவரா என்றும் தெரிந்துவிடுகிறது. 'அண்ணன்' என்று சொல்ல, யார் மூத்தவர் என்று தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் இதன் மறுபக்கம் தாமதமாகத்தான் வரும். 'உனக்குத் தம்பி இருக்கானா?' 'இருக்கான்.' 'தம்பிக்கு அக்கா இருக்காளா?' 'இல்ல.' ஜெனீவாவில் ழான் பியாஜே 1920களில் குழந்தைகளிடம் சகோதரர்களைப் பற்றி இதே போன்ற பதில்களைக் கேட்டிருக்கிறார். தன்னை வெளியே நின்று பார்க்கக் கற்றுக்கொள்ள நாளாகும்.

பிறகு 'ஆம்' என்ற அந்தச் சின்ன ஒட்டு. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்.' நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டது என்று அது சொல்கிறது. 'மாமா வந்தார்' வேறு, 'மாமா வந்தாராம்' வேறு. துருக்கி, கொரிய மொழிகளில் இத்தகைய ஒட்டுகளைக் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். ஒட்டு வாயில் சீக்கிரம் வந்துவிடுகிறது, அதன் முழுப் பொருள் மெதுவாகத்தான் பிடிபடுகிறது. பாட்டி சொல்லும் கதையின் ஒவ்வொரு வரியிலும் இந்த 'ஆம்' இருக்கிறது. வதந்திக்கும் கண்ணால் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை மூன்று வயதிலேயே காதில் ஊற்றுகிறோம் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கும்.

மற்றவர் மனதைப் புரிந்துகொள்வதற்கும் மொழிக்கும் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. அதற்கான ஆழமான சான்று நிகராகுவா நாட்டிலிருந்து வருகிறது. 1977-ல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புக் கல்விப் பள்ளி ஒன்று தொடங்கியது. அதுவரை தனித்தனி வீடுகளில், பொதுவான மொழியே இல்லாமல் இருந்த காது கேளாத குழந்தைகள் அங்கே சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிஷ் மொழியில் உதட்டசைவைப் படிக்கக் கற்பித்தார்கள். குழந்தைகள் விளையாட்டு மைதானத்திலும் பேருந்திலும் தாங்களே ஒரு சைகை மொழியை உருவாக்கினார்கள். அடுத்தடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அதை இன்னும் செழுமையாக்கினார்கள்.

ஜென்னி பயர்ஸும் ஆன் செங்காஸும் முதல் தலைமுறையினரை அவர்கள் இருபதுகளில் இருக்கும்போது சோதித்தார்கள். ஒரு படக்கதை: ஒருவன் பொம்மையை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான்; இன்னொருவன் அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறான். திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? சாதாரணமாக நாலைந்து வயதுக் குழந்தை பழைய இடத்தைக் காட்டும். 'நினை', 'தெரியும்' போன்றவற்றுக்குச் சைகை அதிகம் இல்லாத அந்தப் பெரியவர்களில் பலர் தவறினார்கள். இளைய தலைமுறை சரியாகச் சொன்னது. இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பப் போனபோது, மூத்தவர்கள் இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகளைக் கற்றிருந்தார்கள், சோதனையிலும் தேறினார்கள். ஆய்வு 2009-ல் வெளிவந்தது. அவர்கள் அறிவிலோ அன்பிலோ குறைந்தவர்கள் அல்லர். மனதைப் பற்றிப் பேசச் சொல் கிடைக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே, 'அவன் அழறான்' என்பதோடு நிறுத்தாமல், 'பந்து தொலைஞ்சிடுச்சுன்னு நெனச்சிட்டான், அதான் அழறான்' என்று சொல்லுங்கள்.

தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். சரிதானா?

நல்லது. லெவ் விகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர், 1934-ல் 37 வயதிலேயே காசநோயால் இறந்தவர், இதைத்தான் விளக்கினார்: பெரியவர்கள் குழந்தையிடம் பேசும் பேச்சு முதலில் குழந்தையின் வாய்க்கு வருகிறது, பிறகு உள்ளே போய்ச் சிந்தனையாகிறது. எங்கள் குட்டி இரண்டரை வயதில் அடுப்புப் பக்கம் போவாள், பாட்டி குரலிலேயே 'சூடு, தொடக் கூடாது' என்று சொல்லிக்கொள்வாள், நீட்டிய கையைத் தானே இழுத்துக்கொள்வாள். நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். குழம்பிவிடாதா?

குழம்பாது. நான்கு, ஆறு மாதக் குழந்தைகள் ஒலியை அணைத்த வீடியோவில் முகத்தை மட்டும் பார்த்தே ஆங்கிலம் பிரெஞ்சாக மாறியதைக் கண்டுபிடித்தன. எட்டு மாதத்தில் இருமொழி வீட்டுக் குழந்தைகளிடம் மட்டும் அந்தத் திறமை நீடித்தது. இது 2007-ல் வான்கூவரில் விட்னி வைக்கம் குழு செய்த ஆய்வு. இரண்டு மொழியும் கலந்து பேசுவது குழப்பத்தின் அறிகுறி அல்ல. கையில் இருக்கும் சொல்லை எடுத்துப் போடுகிறார்கள். இரு மொழி என்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. தமிழில் சரளமாகச் சண்டை போடும், கொஞ்சும், கதை பேசும் பெற்றோர், குழந்தையிடம் மட்டும் 'கம், சிட், ஈட்' என்று நாலு சொல் ஆங்கிலத்துக்குள் அடைந்துகொள்கிறார்கள். குழந்தைக்குக் கிடைப்பது ஆங்கிலமும் அல்ல, தமிழும் அல்ல, வெறும் கட்டளைகள். 'நெனச்சிட்டான்', 'இருந்தாராம்', 'தெக்கால' எதுவும் அதில் இல்லை. எந்த மொழியில் உங்களுக்குப் பேச்சு ஊறுகிறதோ அதில் பேசுங்கள். டொரன்டோவில் இருந்தாலும் இதேதான் சொல்வேன்.

மொபைலில் பாட்டுப் போட்டால் மொழி வளரும்தானே?

கைக்குழந்தைக்கு வளராது. சியாட்டிலில் பட்ரீசியா கூல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி பேசுபவர்களோடு 12 முறை விளையாட விட்டார். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைத் தைவான் குழந்தைகளைப் போலவே பிரித்தறிந்தன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. 2003-ல் வந்த ஆய்வு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். வெளியூரிலிருக்கும் தாத்தாவோடு வீடியோவில் மாற்றி மாற்றிப் பேசுவதை நான் இதில் சேர்க்க மாட்டேன். அங்கே எதிரில் ஆள் இருக்கிறார்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஒரு வயதில் மழலை ஒலிகளோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை. ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் 'பால் வேணும்' போல இரண்டு சொல் சேரவில்லை. எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோனது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போங்கள். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு' என்று காத்திருக்க வேண்டாம். முதலில் செவித்திறன் சோதனை. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் குழந்தைகளுக்கு இதைப் பார்க்கிறார்கள். கேட்கவில்லை என்று தெரிந்தால் கருவி, அறுவை சிகிச்சை, சைகை மொழி எதையும் தள்ளிப்போடாதீர்கள். சைகை மொழி பேசும் வீட்டில் காது கேளாத குழந்தை கையாலேயே மழலை பேசும் என்று 1991-ல் லாரா ஆன் பெட்டிட்டோ காட்டினார். மூளை தேடுவது மொழியை. அது வாய் வழி வந்தாலும் சரி, கை வழி வந்தாலும் சரி.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லை.

தனி நேரம் வேண்டாம். மொச்சை உரிக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். 'இது பிஞ்சு, இது முத்தல். இதுல எத்தனை இருக்கு பாரு. இது ஏன் வழுக்குது?' குழந்தையின் கண் எதில் இருக்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் கண் இருக்கும் இடத்துக்கு அதை இழுக்காதீர்கள். கேள்வி கேட்டுவிட்டு உடனே நீங்களே பதில் சொல்லாமல், மனதுக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருங்கள். அந்த இடைவெளியில் பெரும்பாலும் ஏதோ ஒன்று வரும். சில நாள் ஒரு சொல், சில நாள் வாயில் ஒரு மொச்சை.